நூல் கடல் கடக்கும், உப்பு இங்கே தங்கும்

உலகமயம், அரசின் இறையாண்மை, பகுதிப் பூசல்: கொங்கு மண்டலம் காட்டும் பாடம்

(கோவையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பைக் கொடுத்தபோது அமைப்பாளர்கள் ஒரு நிபந்தனையும் போட்டார்கள். ஜெனீவாவையும் வாஷிங்டனையும் பேசிவிட்டுப் போய்விடக் கூடாது. இந்த மண்டலத்தில் தொழில் செய்கிறவர்களுக்கும் காடு தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்கும் ஏதாவது சொல்ல வேண்டும் என்றார்கள். நியாயமான நிபந்தனை. இறையாண்மை, உலகமயம் என்பதையெல்லாம் புத்தகத்தில் படிப்பதைவிட நொய்யல் கரையில் நின்று பார்த்தால் சீக்கிரம் விளங்கும்.

1995இல் ஜப்பானிய மேலாண்மை அறிஞர் கெனிச்சி ஓமே, தேசிய அரசுகளின் காலம் முடிந்துவிட்டதென்று ஒரு புத்தகமே எழுதினார். அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் அறிஞர் சூசன் ஸ்ட்ரேஞ்ச், சந்தையின் முன்னால் அரசு பின்வாங்கிக்கொண்டிருக்கிறது என்று எழுதினார். ஓமே அதை உற்சாகத்தோடு சொன்னார். ஸ்ட்ரேஞ்ச் கவலையோடு சொன்னார். முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அரசு எங்கும் போய்விடவில்லை. ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஒரு நாள் தாமதமானால் அரசு இருக்கிறதா இல்லையா என்பது இந்த அவையில் பலருக்குத் தெரியும்.

என் வாதத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். உலகமயம் அரசின் அதிகாரத்தில் ஒரு பகுதியைத்தான் எடுத்துக்கொண்டது. மீதி இன்னும் அரசின் கையில்தான் இருக்கிறது. அந்த மீதியை உரிய காலத்தில் பயன்படுத்தாமல் விட்ட இடங்களில்தான் ஊருக்கும் ஊருக்கும், தொழிலுக்கும் தொழிலுக்கும், மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் பூசல் மூண்டிருக்கிறது. “உலகச் சந்தை அப்படி, நாம் என்ன செய்ய முடியும்?” என்ற பேச்சு பல நேரங்களில் உண்மை, அதைவிடப் பல நேரங்களில் அது ஒரு வசதியான சாக்கு. எது உண்மை, எது சாக்கு என்று பிரித்துப் பார்ப்பதே இன்றைய வேலை.

1. பழைய சந்தை

கொங்கு நாட்டுக்கு உலகச் சந்தை 1991இல் வந்த விருந்தாளி அல்ல. சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யலின் வடகரையில் இருக்கும் கொடுமணலை அகழ்ந்தபோது மணிக்கல் பட்டறைகள் வெளிப்பட்டன. கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 19ஆம் நூற்றாண்டிலேயே ரோமானிய நாணயக் குவியல்கள் கிடைத்தன. அந்த நாணயங்கள் புழங்கிய காலத்து ரோமானிய எழுத்தாளர் பிளினி, இந்தியப் பொருள்களுக்காக ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் தன் நாட்டிலிருந்து வெளியே போகிறதென்று குறைபட்டிருக்கிறார். இறக்குமதியால் நாடு இளைக்கிறது என்ற முறையீட்டுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் வயது. இன்று அதே முறையீட்டை அமெரிக்க அதிபரின் வாயிலிருந்து கேட்கிறோம்.

1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு அங்கிருந்து பஞ்சு வருவது நின்றபோது, லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பஞ்சைத் தேடி வந்தன. கரிசல் காட்டில் பஞ்சு விலை ஏறியது. போர் முடிந்ததும் இறங்கியது. எங்கோ நடந்த சண்டை இங்கே விலையைத் தீர்மானித்தது. ஆனால் அன்று இந்த நாட்டு மக்களிடம் இறையாண்மை இல்லை. யாரையும் கேள்வி கேட்க வழியில்லை. இன்று இருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

2. ஒதுக்கீட்டிலிருந்து திறந்த சந்தைக்கு

உள்ளூர்ச் சந்தைக்குப் பனியன் தைத்துக்கொண்டிருந்த திருப்பூரிலிருந்து நேரடியாகச் சரக்கு வாங்க 1978இல் இத்தாலியிலிருந்து ஒரு வணிகர் வந்தார் என்பது அந்த ஊர் தன் வரலாற்றைத் தொடங்கும் இடம். 1985இல் ஏற்றுமதி சுமார் 15 கோடி ரூபாய். 2024-25இல் சுமார் 40,000 கோடி. நாற்பது ஆண்டுகளில் இவ்வளவு தூரம் வந்த ஊர் இந்தியாவில் அதிகம் இல்லை.

இந்த வளர்ச்சியை வெறும் உழைப்பின் கதையாகச் சொல்வது வழக்கம். உழைப்பு உண்மை, ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர்களுக்கு அது தெரியும். கூடவே அரசுகள் போட்ட விதிகளும் இருந்தன. 1974 முதல் பல்லிழை ஒப்பந்தம் என்ற பன்னாட்டு ஏற்பாட்டின்படி, எந்த நாட்டிலிருந்து எத்தனை உருப்படி ஆடை வாங்கலாம் என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் உச்சவரம்பு வைத்திருந்தன. அந்தக் கோட்டாவை இங்கே ஆயத்த ஆடை ஏற்றுமதி வளர்ச்சிக் கழகம் நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. கோட்டா கையில் இருந்தவருக்கு அதுவே ஒரு சொத்து. பின்னலாடை உள்நாட்டில் சிறுதொழிலுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால் கட்டிங் ஓரிடம், பவர் டேபிள் எனும் தையல் ஓரிடம், சாயம் ஓரிடம் என்று ஜாப் ஒர்க்கில் பிரிந்து கிடந்தது தொழில். இதற்கும் டில்லியின் கொள்கைக்கும் தொடர்பு உண்டு.

1995இல் உலக வர்த்தக அமைப்பு தொடங்கியது. பத்தாண்டுக் கால அவகாசத்துக்குப் பிறகு 2005 ஜனவரி 1 அன்று கோட்டா முறை ஒழிந்தது. அன்றிலிருந்து திருப்பூர் சீனாவோடும் டாக்காவோடும் நேருக்கு நேர் நின்றது. வெளிநாட்டுப் பையர் ஒரு டீ-ஷர்ட்டை எடுத்து மேசைமேல் போட்டு, “இதையே வங்கதேசத்தில் இவ்வளவு குறைத்துத் தருகிறான்” என்று சொல்லும் பேரம் இயல்பானது. விலையைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஊரைவிட்டுப் போனது. உண்மையாகவே போன அதிகாரங்களில் இது ஒன்று.

ஆனால் அந்த விலைக்குள் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற அதிகாரம்? ஆற்றைச் சேர்ப்பதா விடுவதா? அது எங்கும் போகவில்லை. சென்னையிலும் டில்லியிலும்தான் இருந்தது.

3. நொய்யல்

வெள்ளிங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் ஆறு நொய்யல். கீழ்ப் பகுதியில் பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணை கட்டினார்கள். 1992இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. அதே ஆண்டுகளில்தான் திருப்பூரின் ஏற்றுமதி பாய்ச்சல் எடுத்தது. சில ஆண்டுகளுக்குள் அணையில் தேங்கியது சாயக்கழிவு. தண்ணீர் விடச் சொல்லிக் கேட்க வேண்டிய ஆயக்கட்டு விவசாயிகளே தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று போராடும் நிலை வந்தது. பாசன வரலாற்றில் இப்படி ஒரு கோரிக்கையைத் தேடிப் பிடிப்பது கடினம்.

இதில் ஒரு தொழில்நுட்ப விவரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பருத்தித் துணியில் இன்று ஏற்றும் ரியாக்டிவ் சாயம் தானாகத் துணியில் பிடிக்காது. சாயக் குளியலில் ஏராளமாக உப்பு போட வேண்டும். அடர் நிறத்துக்கு இன்னும் அதிகம். உப்பின் வேலை சாயத்தைத் துணியை நோக்கித் தள்ளுவது. வேலை முடிந்ததும் உப்பு துணியில் தங்காது; முழுவதும் கழிவுநீரோடு வெளியேறும். தொடக்கத்தில் கட்டிய சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் வேறு வேதிப்பொருள்களும் போட்டு நிறத்தை எடுத்தன. தண்ணீர் ஓரளவு தெளிந்தது. உப்பு அப்படியே இருந்தது. கண்ணுக்குத் தெரிந்த நிறம் போய்விட்டதால் பிரச்சினை தீர்ந்ததாக அதிகாரிகள் கோப்பில் எழுத முடிந்தது. கிணற்றில் ஊறிய உப்பு கோப்பில் ஏறவில்லை. தென்னை காய்ப்புக் குறைந்தது, மாடு அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை, குடிக்கத் தண்ணீர் வேறிடத்திலிருந்து வர வேண்டியிருந்தது. துணி கப்பலேறிப் போனது. அதற்காகப் போட்ட உப்பு ஊரிலேயே நின்றது.

1996இல் கரூர்ப் பகுதி நொய்யல் பாசன விவசாயிகள் உயர் நீதிமன்றம் போனார்கள். அதே ஆண்டு வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில், மாசுபடுத்துபவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதாவது சட்டம் இருந்தது, கொள்கை இருந்தது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருந்தது. உலக வர்த்தக அமைப்பின் எந்த விதியும் ஆற்றைக் காப்பாற்றக் கூடாதென்று சொல்லவில்லை. ஆனாலும் சாயப்பட்டறைகளை மூட உத்தரவு வந்தது 2011 ஜனவரி இறுதியில்தான்.

இடையில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2003இல் நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் மறுபடி வழக்குப் போட்டது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ நிலையை எட்டக் கெடு விதித்தது. அதுவரை வெளியேற்றும் கழிவுக்கு லிட்டருக்கு இத்தனை பைசா என்று அபராதமும் போட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இதனிடையே சூழல் இழப்பீட்டு ஆணையம் நொய்யல் படுகையில் பாதிக்கப்பட்ட 28,596 விவசாயிகளுக்கு 24 கோடியே 79 லட்சத்துச் சொச்சம் ரூபாய் இழப்பீடு கணக்கிட்டிருந்தது. வகுத்துப் பாருங்கள்: தலைக்கு 9,000 ரூபாய்கூட வராது. ஒரு தலைமுறையின் கிணறும் காடும் கெட்டதற்கு விலை அதுதான்.

இந்தப் பூசலை விவசாயிக்கும் சாயப்பட்டறைக்காரருக்கும் இடையிலான பகையாகப் பார்ப்பது தவறு. பட்டறை நடத்தியவரில் பலர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். மேல்மடையில் இருப்பவர் அண்ணன், கீழ்மடையில் இருப்பவர் பங்காளி. இவர்களை எதிரெதிரே நிறுத்தியது, 15 ஆண்டுகள் கையில் இருந்த அதிகாரத்தைக் கையாளாமல் வைத்திருந்த அரசு. நீதிமன்றம் பேசும்வரை நிர்வாகம் பேசவில்லை.

ஒரு மாற்றுக்கருத்து உண்டு. கடுமையாக இருந்தால் பையர் வங்கதேசத்துக்குப் போய்விடுவான், ஊரே வேலை இழக்கும் என்று அன்று எச்சரித்தார்கள். முழுப் பொய்யென்று தள்ள முடியாது. 2011இல் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டபோது பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். துணி சாயமேற்ற வெளி மாநிலங்களுக்குப் போனது. சில பட்டறைகள் திருட்டுத்தனமாக ஈரோடு, சேலம், நாமக்கல் பக்கம் இடம் மாறிப் பவானியையும் காவிரியையும் கெடுத்தன. சிறிய பட்டறைகள் பல திரும்ப எழவே இல்லை.

ஆனால் தொழில் சாகவில்லை. மாநில அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. ஆர்.ஓ. சவ்வுகளும் ஆவியாக்கிகளும் வந்தன. தண்ணீரில் பெரும்பகுதியை மீட்டு மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். உப்பிலும் ஒரு பகுதி மீள்கிறது. இன்று 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் குவிந்திருப்பது இன்னும் தீராத சிக்கல். அதையும் மறைக்க வேண்டாம். ஆனாலும் மூடல் உத்தரவுக்குப் பிறகும் ஏற்றுமதி பன்மடங்கு வளர்ந்தது. அதே கட்டுப்பாட்டையே இன்று திருப்பூர் பையரிடம் பெருமையாகச் சொல்லி ஆர்டர் பிடிக்கிறது. அரசு கண்டிப்பாக இருந்தால் சந்தை ஓடிவிடும் என்ற வாதத்துக்கு இந்த ஊரே மறுப்பு.

4. காலி நாற்காலி

பயன்படுத்தாத அதிகாரம் காலியாகக் கிடக்காது. வேறொருவர் வந்து உட்காருவார்.

மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் தங்கவைத்து, கடைசியில் கல்யாணச் செலவுக்கென ஒரு தொகை தருவதாகச் சொல்லும் வழக்கம் இருந்தது. இடையில் நின்றால் அந்தத் தொகை சந்தேகம்தான். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948இலிருந்து இருந்தது. தொழிலாளர் நலத்துறை இருந்தது. உள்ளூர்த் தொழிற்சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் பல ஆண்டுகள் கத்திப் பார்த்தன. ஆனால் 2011இல் நெதர்லாந்து ஆய்வு அமைப்பு ஒன்று அறிக்கை வெளியிட்டு, அதில் ஐரோப்பிய பிராண்டுகளின் பெயர் வந்தபிறகுதான் பல ஆலை அலுவலகங்களில் பதற்றம் தெரிந்தது.

அன்றிலிருந்து ஆடிட் என்ற ஒரு தனித் தொழிலே வளர்ந்துவிட்டது. தீயணைப்புக் கருவி எங்கே, கழிப்பறை எத்தனை, ஓவர்டைம் எவ்வளவு என்று பையரின் ஆள் வந்து பார்க்கிறார். தொழிற்சாலை ஆய்வாளர் செய்ய வேண்டிய வேலை அது. பையரின் ஆடிட்டரால் நன்மை நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன், நடந்திருக்கிறது. ஆனால் அவர் நம் வாக்காளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அல்ல. அவருடைய பார்வை ஏற்றுமதிக் கம்பெனியின் வாசலோடு நின்றுவிடும். உள்நாட்டுச் சந்தைக்குத் தைக்கும் கம்பெனியும், வீட்டில் பீஸ் ரேட்டுக்குப் பிசிறு வெட்டும் பெண்ணும் அவர் பட்டியலில் இல்லை. 2013 ஏப்ரலில் டாக்கா அருகே ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, கட்டட விதியைக் காக்க வேண்டிய அரசின் இடத்தில் வெளிநாட்டு பிராண்டுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வந்து உட்கார்ந்தது. சொந்த அரசு செய்யாததை வெளியார் செய்யும்போது நாம் இழப்பது பெருமையை மட்டுமல்ல. கேள்வி கேட்கும் உரிமையையும்தான்.

5. நூல் யாருக்கு?

இப்போது கொங்கு மண்டலத்துக்குள்ளேயே நடக்கும் பூசலுக்கு வருகிறேன். கோவையில் ஸ்டேன்ஸ் ஆலை 1888இல் தொடங்கியது. பைகாரா மின்சாரம் 1930களில் வந்தபின் ஆலைகள் பெருகின. கோவை நூல் நூற்கிறது. திருப்பூர் அதைப் பின்னித் தைக்கிறது. ஒரே வீட்டுத் தொழில்போலத் தெரியும். உண்மையில் நூல் விலை ஏறினால் கோவைக்கு லாபம், திருப்பூருக்கு நஷ்டம். கோவை நூலை அதிகமாக வாங்குபவர்களில் ஒருவர் வங்கதேசக்காரர். அந்த நூலில் தைத்த பனியன்தான் ஐரோப்பியக் கடையில் திருப்பூர்ப் பனியனுக்குப் போட்டி. ஐரோப்பிய ஒன்றியம் 2001 முதல் வங்கதேசம் போன்ற மிகக் குறைந்த வளர்ச்சியுள்ள நாடுகளுக்கு வரியே இல்லாமல் கதவைத் திறந்துவைத்திருக்கிறது.

நூல் விலை எகிறும்போதெல்லாம் ஏற்றுமதியைத் தடுக்கச் சொல்லித் திருப்பூர் டில்லி போகும். தடுக்காதே என்று கோவை ஆலைகளும் டில்லி போகும். 2010 டிசம்பரில் மத்திய அரசு நூல் ஏற்றுமதிக்கு வரம்பு போட்டது. சில மாதங்களில் எடுத்தது. 2022 மே மாதம் நூல் விலையை எதிர்த்துத் திருப்பூரில் இரண்டு நாள் கடையடைப்பும் வேலைநிறுத்தமும் நடந்தன. அதற்கு முந்தைய மாதமே பஞ்சு இறக்குமதி வரி 11 சதவீதத்தைத் தற்காலிகமாக நீக்கியிருந்தார்கள். நீக்கினால் ஆலைக்கு நல்லது, பஞ்சு விளைவிக்கும் விவசாயிக்குக் கெட்டது. 2025 ஆகஸ்டிலும் அதே வரி மறுபடி நீக்கப்பட்டது.

இதைக் கவனியுங்கள்: இங்கே அரசிடம் அதிகாரம் இருக்கிறது, பயன்படுத்தவும் செய்கிறது. ஆனால் யார் கடைசியாகக் கதவைத் தட்டினார்களோ அவருக்காகப் பயன்படுத்துகிறது. பஞ்சு, நூல், துணி, ஆடை நான்குக்கும் சேர்த்து ஐந்தாண்டுக்கு ஒரு நிலையான கொள்கை இருந்தால் இந்தச் சண்டையில் பாதி குறையும்.

2025இல் இன்னொரு திருப்பம். வங்கதேசத்தில் ஷேக் ஹசீனா ஆட்சி 2024 ஆகஸ்டில் வீழ்ந்தபிறகு இரு நாட்டு உறவு கசந்தது. 2025 ஏப்ரலில் வங்கதேசம் தரைவழித் துறைமுகங்களில் இந்திய நூலை நிறுத்தியது. மே 17 அன்று இந்தியா, வங்கதேச ஆயத்த ஆடை தரைவழியே வரக் கூடாது, நவசேவா, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாகவே வர வேண்டும் என்றது. டில்லிக்கும் டாக்காவுக்கும் இடையிலான அரசியல் மனக்கசப்புக்கு ஆயுதமானது நூல் மூட்டையும் ஆடைப் பெட்டியும். நாடுகள் ஒன்றோடொன்று வணிகம் செய்தால் சண்டை போடாது என்று முன்பு நம்பினார்கள். வணிகமே சண்டை போடும் களமாகும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

6. பிறர் கையில் உள்ள சாட்டை

நம் கையில் இல்லாத அதிகாரத்துக்கும் ஒரு சான்று தர வேண்டும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மேல் கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியது. அதில் பாதி ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனை. பருத்தி டீ-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் ஏற்கெனவே 16.5 சதவீத வரி இருந்தது. 5 டாலர் விலையுள்ள பனியனுக்கு அப்போது 3 டாலர் 32 சென்ட் வரி ஆனது. அதே பனியன் வங்கதேசத்திலிருந்து போயிருந்தால் 1 டாலர் 82 சென்ட். ஏற்றுமதியில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு அமெரிக்காவை நம்பியிருந்த திருப்பூருக்கு இது என்ன செய்தது என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை. அந்த விகிதம் பிறகு எப்படி மாறினாலும் பாடம் மாறாது: குஜராத்தின் சுத்திகரிப்பு ஆலைக்கு எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குத் திருப்பூர் டைலர் தன் கூலியால் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

இலங்கைக்கு இது பழைய அனுபவம். உள்நாட்டுப் போரின் கடைசிக் கட்ட மனித உரிமை மீறல்களைக் காரணம் காட்டி, ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஆகஸ்டில் ஜிஎஸ்பி பிளஸ் வரிச் சலுகையை இலங்கையிடமிருந்து பறித்தது. 2017 மே மாதம்தான் திருப்பித் தந்தது. போரில் கொல்லப்பட்டவர்களுக்கு நீதி வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சலுகை போனதன் அடி விழுந்தது கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்ணின்மேல். முடிவெடுத்த தலைவர்கள்மேல் விழவில்லை. பொருளாதாரச் சாட்டை பெரும்பாலும் தவறான முதுகில்தான் படுகிறது.

இதுபோன்ற சாட்டைகளை நம்மால் தடுக்க முடியாது. ஒரே சந்தையை நம்பாமல் இருக்க முடியும். 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான இந்திய–பிரிட்டன் ஒப்பந்தம் அந்த வகையில் ஒரு வழி. வேண்டாம் என்று சொல்லவும் அரசால் முடியும் என்பதற்கு 2019 நவம்பரில் பாங்காக்கில் ஆர்.சி.இ.பி. என்ற ஆசிய–பசிபிக் வணிக ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகியதே சான்று.

7. வந்தவர்களும் இருப்பவர்களும்

உலகச் சந்தைக்குத் தைக்கும் ஊருக்கு உள்ளூர் ஆள் போதவில்லை. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் என்று பல மாநிலத்தார் வந்தார்கள். இன்று அவர்கள் இல்லாமல் திருப்பூரிலும் கோவையிலும் ஒரு செக்‌ஷன்கூட ஓடாது. 2023 மார்ச் தொடக்கத்தில், பீகார் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுகிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவின. பயந்தவர்கள் ரயில் ஏறினார்கள். பீகார் அரசு அனுப்பிய குழு திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து விசாரித்தது. தமிழகக் காவல்துறை விரைந்து மறுத்து, வதந்தி பரப்பியவர்கள்மேல் வழக்குப் போட்டது. இது நன்றாக நடந்த விஷயம், சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த வதந்தி ஏன் அவ்வளவு சுலபமாக நம்பப்பட்டது? ஒரு அறையில் எட்டுப் பேர், பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, பேச்சு புரியவில்லை, சண்டை வந்தால் போய்ச் சொல்ல இடமில்லை. மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளருக்கான சட்டம் 1979இல் வந்தது. அதைப் பெயருக்காவது நடைமுறைப்படுத்தியிருந்தால் யார் எங்கே இருக்கிறார்கள் என்று அரசுக்கு முன்பே தெரிந்திருக்கும். இங்கும் அதே கதை: அதிகாரம் இருந்தது, உறங்கியது.

2021 ஜூலையில் கிளம்பிய கொங்கு நாடு தனி மாநிலப் பேச்சையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். அதன் கட்சி அரசியல் எனக்கு இன்று வேண்டாம். அடியில் ஒரு மனக்குறை இருக்கிறது: அந்நியச் செலாவணி இங்கே சம்பாதிக்கப்படுகிறது, முடிவு வேறெங்கோ எடுக்கப்படுகிறது என்பது. ஆனால் எல்லையை இன்னொரு முறை வரைந்தால் அமெரிக்க வரி குறையாது, நொய்யலில் உப்பும் கரையாது. கரூர் விவசாயியும் திருப்பூர்ப் பட்டறையும் ஒரே கொங்குதான். அந்த ஒற்றுமை அணையைக் காப்பாற்றவில்லை.

8. செய்யக்கூடியவை

பொருளியல் அறிஞர் டேனி ராட்ரிக் ஒரு முக்கோணம் சொல்கிறார்: கட்டற்ற உலகமயம், தேசிய இறையாண்மை, மக்களாட்சி மூன்றையும் ஒருசேர முழுமையாக வைத்துக்கொள்ள முடியாது, எதையாவது ஒன்றைக் குறைக்க வேண்டும். இந்த மண்டலத்தில் கால் நூற்றாண்டாகக் குறைக்கப்பட்டது மூன்றாவது. கீழ்மடை விவசாயியைக் கேட்காமல் மேலே முடிவு செய்தார்கள்.

எனவே நான்கு கோரிக்கைகளை இந்த அவைமுன் வைக்கிறேன்.

முதலாவது. வேளாண்மையும் தண்ணீரும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் வெளிநாட்டு ஒப்பந்தம் மத்திய அரசின் கையில். அரசமைப்பின் 253ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தை நிறைவேற்ற மாநிலப் பொருள்களிலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட நாடாளுமன்ற ஒப்புதல்கூடக் கட்டாயமில்லை. ஆகவே வர்த்தக ஒப்பந்தத்துக்கு முன் மாநிலங்களைக் கலந்துகொள்வதும், எந்த மாவட்டத்தில் எந்தத் தொழில் பெறும், எது இழக்கும் என்ற மதிப்பீட்டை வெளியிடுவதும் சட்டக் கடமையாக வேண்டும்.

இரண்டாவது. சாயக்கழிவு விதி நாடு முழுவதும் ஒன்றாக இருக்க வேண்டும். திருப்பூரில் மூடியதும் துணி வேறு மாநிலத்துக்குப் போனது என்றால், அங்கே விதி தளர்ந்திருந்தது என்று பொருள். மாநிலங்கள் ஆற்றை விற்று முதலீடு பிடிக்கும் போட்டியை நிறுத்த டில்லியால் மட்டுமே முடியும். இறையாண்மையைக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது.

மூன்றாவது. நொய்யல் கண்காணிப்பில் ஆயக்கட்டு விவசாயிகளுக்கு வாக்குரிமையுள்ள இடம் வேண்டும். உப்பின் அளவு ஒவ்வொரு வாரமும் ஊராட்சிப் பலகையில் எழுதப்பட வேண்டும். கலப்பு உப்பை அப்புறப்படுத்தும் செலவைப் பட்டறைக்காரர் தலையில் மட்டும் கட்டாமல், ஆடை விலையில் ஒரு பகுதியாகப் பையரிடம் கேட்டுப் பெற ஏற்றுமதியாளர் அனைவரும் ஒரே குரலில் பேச வேண்டும். ஒருவர் விட்டுக்கொடுத்தால் எல்லோரும் விட்டுக்கொடுத்ததாகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நான்காவது. வெளிமாநிலத் தொழிலாளர் பதிவு, தங்குமிடத் தரம், அவர்கள் மொழியில் புகார் கேட்கும் அலுவலர். இவை கருணை அல்ல, நிர்வாகம். இதற்கு உலக வர்த்தக அமைப்பின் அனுமதி வேண்டியதில்லை. வாஷிங்டனின் சம்மதம் வேண்டியதில்லை.

இந்த நான்கில் ஒன்றுகூட நம் கைக்கு எட்டாதது அல்ல. பிறர் பறித்துக்கொண்ட அதிகாரத்தைப் பற்றி மேடையில் பேசுவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். கையில் இருக்கும் அதிகாரத்தை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்பது கடினம், ஏனென்றால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம் வாக்களித்து அனுப்பியவர்கள். சில நேரம் நம் உறவினர்கள். சில நேரம் நாமே. மாணவர்கள் ஆய்வுக்குத் தலைப்புத் தேடினால் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். எந்தச் சட்டம் எந்த ஆண்டு வந்தது, உங்கள் மாவட்டத்தில் எந்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது என்று இரண்டு பத்திகளில் எழுதுங்கள். அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதே கொங்கு மண்டலத்தில் உலகமயத்தின் வரலாறு.